நிழல், கல், பனங்கொட்டை: பிள்ளைகளிடம் வியப்பை வளர்க்கும் வழி

யூன் மாதத்து நடு மத்தியானத்தில் பாடசாலைக் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும்? தரம் 7, 8 பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும். "நடு மத்தியானம் நிழலே இராது, ரீச்சர்" என்பது ஒன்று. "வடக்குப் பக்கம்தான்" என்பது மற்றது. இரண்டும் பிழை. யாழ்ப்பாணத்தில் யூன் மாத நண்பகல் நிழல் தெற்கே விழும். ஒரு மீற்றர் தடிக்கு ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர். பிள்ளைகளை வெளியே கூட்டிச்சென்று நிழலைப் பார்க்கவிட்டால் வகுப்பு முழுவதும் ஒரு கணம் வாயடைத்து நிற்கும். அந்த ஒரு கணத்தை எப்படி உண்டாக்குவது, வந்த பிறகு எப்படிக் கெடுக்காமல் விடுவது என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வியப்பை மருட்கை என்கிறது. அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன் காணாதது, அளவுக்கு மிஞ்சிப் பெரியது, அளவுக்கு மிஞ்சிச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. மருட்கைக்கு 'மதிமை சாலா' என்று ஓர் அடைமொழியும் தருகிறது. அறிவுக்குள் அடங்காத என்று பொருள். 2003 இல் டேச்சர் கெல்ட்னர், ஜொனதன் ஹைட் என்ற இரு உளவியலாளர்கள் பெருவியப்புக்குக் கூறிய இலக்கணமும் இதற்கு அண்மையிலேயே நிற்கிறது: தன்னைவிடப் பெரிதான ஒன்று எதிர்ப்படுகிறது, மனதில் ஏற்கெனவே உள்ள ஒழுங்கை மாற்றினால் ஒழிய அது உள்ளே கொள்ளுவதில்லை.

இதில் ஆசிரியர் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. மனதில் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு, ஓர் எதிர்பார்ப்பு இருந்தால்தான் அது உடையும். அப்பச்சோடாவில் வினாகிரி ஊற்றி எரிமலை காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்த கிழமை அதைப்பற்றி ஒரு கேள்வியும் வராது, ஏனென்றால் அது எவருடைய ஊகத்தையும் பொய்யாக்கவில்லை. கொடிக்கம்பத்து நிழலுக்குக் கைதட்டு விழாது. ஆனால் மூன்று நாள் கழித்து ஒரு பிள்ளை வந்து "அப்ப எப்ப நிழல் வடக்குக்கு மாறும்?" என்று கேட்கும்.

முதலில் ஊகம், கடைசியில் விளக்கம்

எந்தச் செயலுக்கும் இந்த ஒழுங்கு மாறாது. 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் முதல் 5 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது; முதலில் கை உயர்த்தும் பிள்ளையின் விடையை மற்ற முப்பது பேரும் தங்கள் விடையாக்கிக்கொள்வார்கள். ஊகத்துக்குப் பக்கத்தில் 'ஏன் அப்படி நினைக்கிறேன்' என்று ஒரு வரியும் இருக்கட்டும். பிறகு 15 நிமிடம் பார்ப்பது, தொடுவது, அளப்பது. அதன் பிறகு ஒரு முழு நிமிடம் மௌனம். மணிக்கூட்டைப் பார்த்துப் பிடியுங்கள், ஒரு நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. பிறகுதான் பேச்சு. விளக்கம் கடைசி 5 நிமிடத்தில், அல்லது அடுத்த நாளில்.

அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பது பல ஆசிரியர்களுக்குக் கடினம். பாடத்திட்டம் முடியவில்லை, தவணைப் பரீட்சை வருகிறது, பெற்றோர் கொப்பியைப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஓர் இரவு விடை தெரியாமல் வீட்டுக்குப் போகும் பிள்ளை, அம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்டுக்கொண்டு வரும். அந்த ஓர் இரவை விளக்கத்தால் நிரப்பிவிடாதீர்கள்.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்றும் உண்டு: "அதிசயமா இருக்குதா, பிள்ளையள்?" அப்படிக் கேட்டால் "ஓம் சேர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதற்குப் பிறகு உண்மையில் வியந்த பிள்ளை எது, சொல்லிவைத்த பிள்ளை எது என்று கண்டுபிடிக்க முடியாது. "என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டால் போதும்.

தடியும் நிழலும்

தேவையானவை: ஒரு மீற்றர் நீளமான நேரான தடி, ஒரு நூலில் கட்டிய கல், அளவுநாடா, வெண்கட்டி, திசையறி கருவி, மணிக்கூடு. சீமெந்துத் தரை நல்லது. மணல் நிறைந்த முற்றமாக இருந்தால் ஒரு பலகையை மட்டமாகப் போட்டு அதன்மேல் செய்யலாம். தடியை ஒரு வாளி மணலில் நட்டு, கல் கட்டிய நூலை இரண்டு பக்கத்தில் பிடித்துச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு மீற்றர் என்பது தரையிலிருந்து, அதாவது பலகையின் மட்டத்திலிருந்து தடியின் நுனிவரை.

காலை 11.45 முதல் பிற்பகல் 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைப் புள்ளியிட வேண்டும். மிகக் குறுகிய நிழல் எப்போது வருகிறதோ அதுதான் அந்த இடத்தின் நண்பகல். முதல் அதிர்ச்சி இங்கேயே வரும், ஏனென்றால் அது சரியாக 12 மணிக்கு வராது. இலங்கை நேரம் கிழக்கு 82.5 பாகைக்கு உரியது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 80 பாகையில் இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வர 10 நிமிடம் பிந்துகிறது. அத்துடன் ஆண்டு முழுவதும் அது முன்பின் ஆடும். நவம்பர் தொடக்கத்தில் 11.54 அளவில் வந்துவிடும். பெப்ரவரி நடுவில் 12.24 வரை போகும். 'பன்னிரண்டு மணி' என்பது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

மாதம் ஒரு தடவை அதே இடத்தில், அதே தடியால் அளந்து சுவரில் ஒரு நாடாவாக ஒட்டிவருவது நல்லது. மார்ச் 21 அளவில் வடக்கே 17 சென்ரிமீற்றர், யூன் 21 இல் தெற்கே 24 அல்லது 25, செப்ரெம்பர் 23 அளவில் மறுபடி வடக்கே 17, டிசெம்பர் 21 இல் வடக்கே 65. நிழல் வடக்கிலிருந்து தெற்குக்கு மாற வேண்டுமென்றால் நடுவே ஒரு நாள் அது இல்லாமல் போக வேண்டும். இதைப் பிள்ளைகளே நாடாவைப் பார்த்துச் சொல்லும்வரை நீங்கள் வாய்திறக்க வேண்டாம்.

அந்த நாள் ஏப்ரல் 14 அல்லது 15. சித்திரைப் புத்தாண்டும் நிழலில்லா நாளும் யாழ்ப்பாணத்தில் கைகோத்து வருகின்றன. பாடசாலை விடுமுறை என்பதால் இது வீட்டு வேலை. 12.10 மணிக்கு ஒரு போத்தலை முற்றத்தில் நிறுத்தினால் நிழல் அதன் அடிக்குள் ஒளிந்துகொள்ளும். பெரியவர் ஒருவர் துணையோடு கிணற்றுக் கட்டுக்கு வெளியே நின்று பார்த்தால், கிணற்றுச் சுவர் நாலு பக்கமும் ஒரேபோல நீரில் முடிவதும், எந்தப் பக்கத்து நிழலும் நீரில் விழாததும் தெரியும். எட்டிப் பார்த்தால் தங்கள் தலையின் நிழலைத்தான் தண்ணீரில் காண்பார்கள். நீரில் தெரியும் சூரியனை உற்றுப் பார்க்கக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓகஸ்ட் 28 அளவில் இதே காட்சி இரண்டாம் முறை வரும்.

இங்கே ஒரு படி மேலே போகலாம். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு உறவில்லாத வகுப்பு அரிது. லண்டனில் இருக்கும் மாமாவோ சித்தியோ அதே நாளில், அங்கே பகல் 1 மணிக்கு, ஒரு மீற்றர் தடியின் நிழலை அளந்து அனுப்பட்டும். 90 சென்ரிமீற்றர் அளவில் வரும். திரிகோணகணிதம் படிக்காத பிள்ளைகளும் கோணம் காணலாம்: தாளில் 10 சென்ரிமீற்றர் நிலைக்கோடு, 9 சென்ரிமீற்றர் கிடைக்கோடு வரைந்து முக்கோணமாக மூடி, தடியின் நுனியில் வரும் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் 42 பாகை. யாழ்ப்பாணத்தில் நிழல் பூச்சியம் என்பதால் இரண்டு இடத்துக்கும் இடைப்பட்ட கோணம் அதுவே. தேசப்படத்தின் அளவுத்திட்டப்படி வடக்குத் தெற்குத் தூரம் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். 360 ஐ 42 ஆல் வகுத்து 4,650 ஆல் பெருக்கினால் 39,857. துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீற்றர். எகிப்தில் கிரேக்க அறிஞர் எரத்தொஸ்தெனிஸ் கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் செய்த அதே கணக்கு, ஒரு முற்றத்துப் போத்தலையும் மாமாவின் தடியையும் கொண்டு. இந்த எண் வெண்பலகையில் விழுந்த உடனே அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள்.

பிழைகள் எங்கே வரும்? தடி 2 பாகை சரிந்தால் நிழல் 3 சென்ரிமீற்றருக்கு மேல் மாறிவிடும். நிழலின் ஓரம் மங்கலாக இருப்பதால் ஆளாளுக்கு வேறு அளவு சொல்வார்கள். கருமை முடியும் இடமா, மங்கல் முடியும் இடமா என்று முதலே தீர்மானியுங்கள். கைத்தொலைபேசியின் திசைகாட்டி இரும்புக் கதவு, கொங்கிறீற்றுக் கம்பிக்குப் பக்கத்தில் பொய் சொல்லும். குறுகிய நிழலின் கோடே வடக்குத் தெற்கு, அதை நம்புங்கள்.

காலடியில் ஒரு கடல்

தொல்காப்பியம் சொன்ன பெருமைக்கு மலை வேண்டும், அருவி வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் குடாநாட்டைத் தட்டை என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் பெருமை கீழே இருக்கிறது.

மதில் கல், கிணறு வெட்டியெடுத்த கல், தெருவோரச் சுண்ணக்கல் எதையாவது ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். 'இது எங்கே பிறந்தது?' என்று ஊகம் எழுதட்டும். எரிமலை என்பார்கள், மண் இறுகியது என்பார்கள். பிறகு இரண்டு கற்களை ஒன்றோடொன்று உரசி விழும் மாவில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைக்கும். கல்லின்மேல் நேராக விட்டால் நுரை மிகக் குறைவு. மாவாக்கினால்தான் நன்றாகத் தெரியும். அதே புளியை ஒரு சிப்பியின் மாவிலும் முட்டைக்கோதின் மாவிலும் விடுங்கள். அதே நுரை. இப்போது உடைந்த கல் முகங்களைப் பூதக்கண்ணாடியால் தேடச் சொல்லுங்கள். பத்துக் கல்லில் ஒன்றிலாவது ஓட்டின் வளைவோ முருகைக்கல்லின் வரியோ கிடைக்கும். எங்கள் வீடும் கோயிலும் பாடசாலையும் நிற்பது கடலுயிர்களின் கூட்டின்மேல் என்பது அங்கே தானாக வெளிப்படும்.

காலத்தைக் காட்டக் கயிறுதான் நல்லது. 46 மீற்றர் தும்புக்கயிறு மைதானத்தில் நேராகக் கிடக்கட்டும். ஒரு மீற்றர் 10 கோடி ஆண்டு, ஒரு மிலிமீற்றர் ஒரு லட்சம் ஆண்டு. ஒரு முனை பூமி பிறந்தது, மறுமுனை இன்று. இன்றிலிருந்து எண்ணினால் 35 மீற்றரில் நுண்ணுயிர் ஏற்கெனவே இருக்கிறது. டைனோசர்கள் தோன்றுவது 2.3 மீற்றர் அளவில், அழிவது 66 சென்ரிமீற்றரில். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசின் காலத்தது. அந்தக் காலம் 23 சென்ரிமீற்றரில் தொடங்கி 5 சென்ரிமீற்றரில் முடிகிறது. மனித இனம் கடைசி 3 மிலிமீற்றர். இரண்டாயிரம் ஆண்டு என்றால் 0.02 மிலிமீற்றர், தலைமயிரின் தடிப்பும் இல்லை. குறிகளை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டாம். அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, நினைத்த இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். டைனோசர் அட்டைக்காரர் கயிற்றின் நடுவில் போய் நிற்பார். அவர் இருபது மீற்றர் நடந்து இந்த முனைக்கு வரும் நடைதான் பாடம். வெறும் எண்ணாக எழுதினால் 6 கோடியும் 460 கோடியும் பிள்ளைக்கு ஒன்றுபோலவே தெரியும்.

அடுத்தது தண்ணீர். மழைக்கால வழுக்கையாறு தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லாத, மூன்று பக்கமும் கடலும் ஏரியும் சூழ்ந்த நிலத்தில் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி? ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உப்பு, நன்றாகக் கரையுங்கள். இன்னொரு குவளைத் தண்ணீரில் கொஞ்சம் பீற்றூட் சாறு. நிறத்தண்ணீர் உப்புநீரின் மேலே நிற்குமா, கீழே போகுமா, கலந்துவிடுமா? ஊகம் எழுதிய பிறகு, கரண்டியின் முதுகை உப்புநீர் மட்டத்தில் பிடித்து அதன்மேல் நிறத்தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். மேலே சிவப்பாக மிதந்து நிற்கும். அவசரப்பட்டு ஊற்றினால் கலங்கிவிடும். ஒரு குவளைக்கு மூன்று நிமிடமாவது எடுங்கள். பிறகு ஸ்ரோ ஒன்றை நிறத்தண்ணீரின் அடிமட்டம்வரை விட்டு வேகமாக உறிஞ்சினால், கீழுள்ள நிறமற்ற உப்புநீர் ஸ்ரோவில் ஏறும். மோட்டர் போட்டு இறைத்து உப்பாகிப்போன கிணற்றைப் பற்றி வீட்டில் கேட்ட பிள்ளை அந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கும்.

உண்மையில் நடப்பதும் இதுவே. சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லையாகக் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும், கடல்நீர் அந்தளவு சற்றுத்தான் பாரம் கூடியது என்பதால். இதைச் செய்துபார்த்த பிறகு புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கும் கீரிமலைக் கேணிக்கும் கூட்டிச்செல்லுங்கள், முன்பல்ல. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. கீரிமலையில் கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கட்டுத்தான். ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் அலை. குளிக்கும் கேணி என்பதால் நீரைக் குடித்துப் பார்க்கவிடாமல், ஒரு ஸ்ரோவின் அடியைக் களிமண்ணால் அடைத்து இரண்டிலும் மிதக்கவிடுங்கள். கடல்நீரில் அது உயர்ந்து நிற்கும். இராமர் அம்பெய்து நிலாவரையில் நீர் எடுத்த கதையையும் சொல்லுங்கள். அந்தக் கதை சொன்னவர்களும் இந்த நீரைக் கண்டு வியந்தவர்கள்தான்; பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பக்கம்

நுணுக்குக்காட்டி இல்லாத பாடசாலைக்குப் பழுதான சீடி பிளேயர் ஒன்று போதும். மின் இணைப்பு இல்லாமல் அதன் உள்ளே நகரும் தலையிலுள்ள சிறு வில்லையைக் கழற்றி, கைத்தொலைபேசிக் கமராவின்மேல் மெல்லிய ஒட்டுநாடாவால் ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். பொருளிலிருந்து சில மிலிமீற்றர் தூரத்தில்தான் தெளியும், அதற்குமேல் எல்லாம் மங்கல். கை நடுங்கும் என்பதால் தொலைபேசியை இரண்டு கொப்பிக் கட்டுகளின்மேல் வைத்து, பொருளைக் கீழே நகர்த்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆனையிறவு உப்பு. நன்றாகப் பாருங்கள், எவரும் வெட்டாமல் செதுக்காமல் சதுரக் கட்டி. பிறகு பிள்ளைகளே வளர்க்கட்டும்: 100 மிலிலீற்றர் தண்ணீரில் 36 கிராம் அளவு உப்புத்தான் கரையும், கரைந்ததை வடித்து, கறுப்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, அசையாத வெயிலில் விட்டால் இடைவேளைக்குள் முதல் சதுரங்கள் தெரியத் தொடங்கும். தட்டை ஆட்டினால் சிறு தூளாகத்தான் வரும். சாட்டி அல்லது கசூரினாக் கடற்கரை மணலையும் பாருங்கள். மண் என்று நினைத்ததில் பாதி சிப்பியும் சங்கும் உடைந்த துண்டுகள் என்று கண்டுபிடித்த பிள்ளை, அதன்பின் கடற்கரையில் ஒரே மாதிரி நடக்காது.

ஒன்று இன்னொன்றாவது

மருட்கை பிறக்கும் நான்கிலும் ஆக்கமே வகுப்பறைக்கு மிகப் பொருத்தமானது, ஏனென்றால் அது காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிறது. பனங்கொட்டையைவிட நல்ல பாடம் எங்களிடம் இல்லை. ஒக்ரோபரில் மழை தொடங்கும்போது மணல் கலந்த மண்ணால் 60 முதல் 75 சென்ரிமீற்றர் உயரப் பாத்தி ஒன்று கட்டி, 15 கொட்டைகளை மேல்மட்டத்தில் நெருக்கி அடுக்கி மெல்லிதாக மண் மூடுங்கள். முளை எந்தப் பக்கம் வரும் என்று ஊகம் கேளுங்கள். எல்லோரும் மேலே என்பார்கள். பயறு முளைக்கவிட்டுப் பார்த்த அனுபவம் அது.

இரண்டு கிழமைக்கு ஒரு கொட்டையை, ஒன்றை மட்டும், பக்கவாட்டு மண்ணை விலக்கி முழுதாக எடுங்கள். முளை நேரே கீழே இறங்கியிருக்கும். வருங்கால மரத்தின் குருத்தை உள்ளே சுமந்துகொண்டு ஒரு குழாய் மண்ணுக்குள் போகிறது. ஒரு முழத்துக்கு மேல் ஆழமாகப் போன பிறகே குருத்து மேல்நோக்கித் திரும்பும். கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான், வன்மையான உள்ளீட்டைக் கரைத்துக் கீழே அனுப்பும் பஞ்சு. மேலே கொட்டை வெறுமையாக ஆக, கீழே கிழங்கு பருக்கும். தினம் தின்ற பூரானும் கிழங்கும் ஒரே செடியின் இரண்டு வேலைகள் என்று தெரியாமலே பல பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அளந்து, அதே அளவில் படம் வரைந்து, சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். தையிலோ மாசியிலோ மிச்சத்தைக் கிண்டி அவித்துச் சாப்பிடலாம். மண் இறுக்கமாக இருந்தால் கிழங்கு வளைந்து குட்டையாகும். மழையில்லா நாளில் தண்ணீர் அளவாகத் தெளியுங்கள், தேங்கினால் அழுகும். பாத்தியைச் சுற்றி முள்ளோ வலையோ போடாவிட்டால் மாடும் நாயும் விட்டுவைக்கா.

குறுகிய காலத்துக்குத் தேசிமரத்துப் புழு. தேசி, கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் போலக் கறுப்பு வெள்ளையாக இருக்கும் சிறு புழுவைத் தேடுங்கள். இலையோடு வாய் அகன்ற போத்தலில் விட்டு, நுளம்புவலைத் துண்டால் மூடுங்கள். ஒரு போத்தலுக்கு இரண்டு புழு போதும். தினமும் புதிய இலை, தினமும் எச்சம் துடைத்தல். இலைக்காம்பைத் தண்ணீரில் நிறுத்துவதானால் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கும். சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுக்காதீர்கள். மருந்தடித்த இலை ஒரே நாளில் கொன்றுவிடும். சில நாளில் எச்சம்போல் இருந்தது பச்சையாக மாறும். மெல்லத் தொட்டால் தலையின் பின்னாலிருந்து கவர்த்த கொம்பு வெளியே வந்து மணக்கும். ஒரு நாள் சாப்பாட்டை விட்டு அலையத் தொடங்கினால் சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். பிறகு தொடவே கூடாது. கூட்டுப்புழுவாகி ஏறத்தாழ 10 நாளில், பெரும்பாலும் காலையில், வண்ணத்துப்பூச்சி வரும். சிறகு தொங்கி விரிய இடம் வேண்டும். போத்தல் சிறிதானால் சிறகு மடங்கிப் பறக்க முடியாமல் போகும். கூட்டிலிருந்து பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவி வருவதும் உண்டு. அதை மறைக்காதீர்கள். ஓர் உயிருக்குள் இன்னோர் உயிர் முட்டையிட்டுப் போயிருக்கிறது என்பதும் மருட்கைதான், இனிப்பானது அல்லாவிட்டாலும்.

பிறந்த நட்சத்திரம்

தங்கள் நட்சத்திரம் என்னவென்று அனேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அருச்சனைக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். அது வானத்தில் உண்மையாகவே எரியும் ஒன்று என்பதை அவர்களில் அதிகமானோர் அறியார். மே மாத நடுப்பகுதியில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு, 8.30 முதல் 9.30 வரை பெற்றோரையும் அழைத்து மைதானத்திலோ வடகரையிலோ கூடுங்கள். மகம், சித்திரை, சுவாதி மூன்றும் நிற்கும். தென்கிழக்கில் கேட்டை சிவந்து எழும். பெப்ரவரி இரவுகளில் கார்த்திகை, உரோகிணி, திருவாதிரை. சுவாதியின் ஒளி இங்கே வர 37 ஆண்டு எடுக்கிறது, உரோகிணியின் ஒளி 65, மகத்தின் ஒளி 79. சுவாதியைக் காட்டி "அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது புறப்பட்ட வெளிச்சம் இது" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பருத்தித்துறைக் கரையில் நின்றால் இன்னொன்று செய்யலாம். நீட்டிய கையின் மூடிய பிடி ஏறத்தாழ 10 பாகை. வடக்கே கடல்விளிம்பின்மேல் ஒரு பிடி வைத்தால் அதன் மேற்பக்கம் துருவ நட்சத்திரம், ஏனென்றால் நாங்கள் நிற்பது வடக்கு 10 பாகைக்குச் சற்றுக் கீழே. அதே இரவில் தெற்கே இரண்டு பிடி உயரத்தில் தென்சிலுவை. லண்டன் மாமாவுக்கு முதலாவது உண்டு, இரண்டாவது அவர் வீட்டு வானில் எழுவதேயில்லை. விளிம்பில் புகார் இருந்தால் துருவ நட்சத்திரம் மங்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நல்லது. கைவிளக்குகளுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள், கண் இருளுக்குப் பழக 20 நிமிடம் விடுங்கள். தொலைபேசியை ஒரு முறை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

கெடுக்கும் விடயங்கள்

காணொளியை முதலில் காட்டுவது மிகப் பொதுவான பிழை. திரையில் ஏற்கெனவே பெரிதாக, நிறமாக, இசையோடு பார்த்ததைப் பாத்தியில் பார்க்கும்போது ஏமாற்றம்தான் மிஞ்சும். காணொளி கடைசியில் வரட்டும். ஒரு கிழமையில் இரண்டு அதிசயம் காட்டுவதும் கெடுதல். மாதம் ஒன்று போதும், தவணைக்கு மூன்று. ஊகம் பிழைத்த பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால் அடுத்த முறை ஒருவரும் துணிந்து எழுதமாட்டார்கள். அதனால் பிழைத்த ஊகங்களையே முதலில் வாசித்து, ஏன் அது நியாயமான நினைப்பு என்று சொல்லுங்கள்.

வியப்புக்கும் அச்சத்துக்கும் இடையில் மெல்லிய வேலிதான் இருக்கிறது. எங்கள் ஊரில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. 2004 ஆழிப்பேரலை உறவுகளைக் கொண்டுபோன கரையோரக் குடும்பத்துப் பிள்ளையிடம் கடலின் பெருமையைச் சொல்லி நிறுத்திவிட முடியாது. அந்தப் பிள்ளை கரையில் தள்ளி நிற்க விரும்பினால் நிற்கட்டும். வெடிச்சத்தம் வரும் செயல்களை வியப்பின் பெயரால் செய்ய வேண்டாம். வெளிக்களத்தில் பழக்கமில்லாத வளவுகளில் கிண்டவோ, இரும்புத் துண்டு எதையும் எடுக்கவோ விடக்கூடாது. போகும் இடத்தை முதல் நாள் நீங்களே போய்ப் பார்த்து, ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

புள்ளி போடாதீர்கள். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு ஓடும் பிள்ளைக்குப் புள்ளி இல்லாத ஒரு கொப்பியாவது இருக்கட்டும். 40 பக்கக் கொப்பியில் இடப்பக்கம் ஊகமும் படமும், வலப்பக்கம் கேள்விகள் மட்டும். வலப்பக்கத்தைப் பார்த்தால் வியப்பு வளர்கிறதா என்று தெரியும்: யூலையில் "இது என்ன?" என்று இருந்தது, ஒக்ரோபரில் "இப்படி இருந்தால் அது எப்படி?" என்று மாறியிருக்கும். வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, விடை தெரியாத கேள்விகளைத் திகதியோடு எழுதிவையுங்கள். "எனக்கும் தெரியாது, பார்ப்பம்" என்று சொல்லி நீங்களும் ஒரு கேள்வி எழுதுங்கள். விடை கண்டதும் கேள்வியை அழிக்காமல், பக்கத்தில் கண்டுபிடித்த பிள்ளையின் பெயரையும் நாளையும் குறியுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு அந்தத் தாளையே முதல் நாள் மாட்டலாம், மேலே விடைகாணாதவை மட்டும் சிவப்பில்.